காவல் நிலையத்துக்குச் செய்தி சென்ற வழி

பிழைப்புத் தேடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர் அனைவரும் அறிந்த ஓர் அனுபவத்திலிருந்து இந்தப் பேச்சைத் தொடங்குவோம். மும்பையில் மாதுங்காவிலோ, தில்லியில் கரோல் பாக்கிலோ, கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுப் பக்கமோ, பெங்களூரில் அல்சூரிலோ ஒரு வீட்டை வாடகைக்குப் பேசி முடிக்கிறோம். முன்பணம் கொடுத்தாயிற்று, பால் காய்ச்ச நல்ல நாளும் பார்த்தாயிற்று. அந்த வேளையில் வீட்டுக்காரர் வந்து, "போலீஸில் பதிய வேண்டும்; புகைப்படமும் அடையாளச் சீட்டும் கொடுங்கள்" என்கிறார். முன்னாளில் இதற்கென அச்சிட்ட படிவம் ஒன்று இருந்தது. இப்பொழுது பல நகரங்களில் வீட்டுக்காரர் தம் கைப்பேசியை எடுத்து, அதிலுள்ள செயலியில் நம் பெயரையும் ஊரையும் தட்டி அனுப்பிவிடுகிறார். நாம் அந்த ஊரின் காவல் நிலையத்தைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, அந்நிலையம் நம்மை அறிந்துகொண்டு விடுகிறது.

இது புதிய வழக்கமன்று. கௌடில்யரின் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரம், நகர நிர்வாகியான நாகரகனின் கடமைகளைக் கூறும் இடத்தில், சத்திரத்தில் தங்க வரும் வழிப்போக்கரைப் பற்றி அறிவிக்க வேண்டுமென்றும், வீட்டுக்கு வந்தவரையும் போனவரையும் பற்றி வீட்டுக்குரியவர் சொல்ல வேண்டுமென்றும் விதிக்கிறது. அந்நியனைப் பற்றிய செய்தி அதிகாரியிடம் செல்லும் வழி, நம் நாட்டில் மிகப் பழைய வழி.

இதற்கு எதிர்த்திசையில் செல்லும் வழி ஒன்றும் உண்டு. அதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. திருவாரூர் அரண்மனை வாயிலில் மனுநீதிச் சோழன் கட்டிய ஆராய்ச்சி மணியைப் பற்றிய கதையைப் பாட்டியின் மடியிலேயே கேட்டிருக்கிறோம். கன்றை இழந்த பசு மணியின் கயிற்றை இழுத்தது. வாயில்லாப் பிராணி, அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. ஆனால் அக்கதையில் நாம் எளிதில் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. மணியோசை கேட்டு வெளியே வந்த அரசனுக்குப் பசுவின் துயரம் இன்னதென்று விளங்கவில்லை. அமைச்சன் ஒருவன் நடந்ததை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மணி கூப்பிடும், விவரம் சொல்ல மனிதன் வேண்டும். இந்தப் பழங்கதையை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். இன்று நம் சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசிச் செயலிகளைப் பற்றிப் பேசும்பொழுது இது மீண்டும் வரும்.

கிராமத்தில் இந்த இரு வழிகளும் ஒரே மனிதனிடம் கூடின. தமிழ் நாட்டில் தலையாரி என்றும், வடக்கே சௌக்கிதார் என்றும் அழைக்கப்பட்ட அந்தக் காவற்காரன் ஊரில் நடந்ததை மேலே சொல்வான்; மேலிருந்து வந்த ஆணையை ஊருக்குச் சொல்வான். ஆணையைச் சொல்வதற்குத் தண்டோரா இருந்தது. ஊரில் கொலையோ கொள்ளையோ நடந்தால், சென்னை மாகாணத்தில் கிராம முன்சீப் 'யாதாஸ்து' எழுதிப் போலீஸ் நிலையத்துக்கு ஆள் மூலம் அனுப்புவார். ஆள் பத்து மைல் நடக்க வேண்டும்; வெள்ளம் வந்தால் ஆற்றங்கரையில் காத்திருக்க வேண்டும். ஆயினும் ஒரு வசதி இருந்தது. சொல்பவன், எழுதுபவர், நடப்பவன், படிப்பவர் அனைவரும் ஒரே மொழி பேசினர். 1980-இல் தமிழ் நாட்டில் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் நீக்கப்பட்டதோடு இந்த ஏற்பாட்டின் எச்சமும் மறைந்தது.

இப்பொழுது நாம் காணும் போலீஸ் நிலையம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானது. சென்னை மாகாணத்துக்கு 1859-இலும், பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் பொதுவாக 1861-இலும் போலீஸ் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1861-ஆம் ஆண்டுச் சட்டம் நிலையத்தில் ஒரு தினக்குறிப்பு ஏடு வைத்து, வரும் புகார்களையெல்லாம் அதில் பதிய வேண்டுமென்றது. அந்த ஏடுதான் நெடுங்காலம் நிலையத்தின் நினைவாற்றல். பக்கத்து நிலையத்தின் ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறிய ஆள் அனுப்ப வேண்டும், அல்லது தபால் எழுத வேண்டும். அவசரமாயின் தந்தி. தந்தியின் மதிப்பை 1857-இலேயே ஆட்சியாளர் உணர்ந்திருந்தனர். அவ்வாண்டு மே 11-ஆம் நாள், மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் தில்லியில் புகுந்த செய்தி தில்லித் தந்தி நிலையத்திலிருந்து அம்பாலாவுக்குப் போயிற்று. அதிகாரி அதிகாரியிடம் பேசுவதற்குக் கிடைத்த முதல் விரைவுச் சாதனம் அது. குடிமகன் அதிகாரியிடம் பேசுவதற்கு மட்டும் கால்நடையே கதியாக இருந்தது.

இந்த வரலாற்றில் நாம் சற்று நின்று காண வேண்டிய விநோதம் ஒன்று ஒடிசாவில் இருக்கிறது. 1946-இல் அம்மாநிலப் போலீஸார் இராணுவத்திடமிருந்து தூதுப் புறாக்களைப் பெற்றுக் கோராபுட் மாவட்டத்தில் சோதனை முறையில் பயன்படுத்தத் தொடங்கினர். மலையும் காடும் நிறைந்த அம்மாவட்டத்தில் பல இடங்களுக்குத் தந்திக் கம்பியும் இல்லை, சாலையும் இல்லை. மெல்லிய தாளில் செய்தியை எழுதிச் சிறு குழலில் சுருட்டிப் புறாவின் காலில் கட்டிப் பறக்கவிடுவர். பின்னர் கட்டக் நகரம் இப்பணியின் தலைமையிடமாயிற்று. மூன்று விதமாகப் புறாக்களைப் பழக்கினர். முதல் வகையில் தொலைவிலுள்ள நிலையத்துக்குப் புறாவை எடுத்துச் சென்று வைத்திருந்து, தேவைப்படும் பொழுது விட்டால் அது தன் கூட்டுக்குத் திரும்பும். இரண்டாம் வகையில் காட்டுக்குள் செல்லும் படைப் பிரிவினர் தம்மோடு கூண்டிலே எடுத்துச் செல்வர். மூன்றாம் வகைதான் அரியது: ஓரிடத்தில் கூடும் மற்றோரிடத்தில் தீனியும் வைத்துப் பழக்கி, செய்தி கொண்டு போய் மறுமொழி கொண்டு வரச் செய்தனர்.

1948 ஏப்ரல் 13-ஆம் நாள் சம்பல்பூரிலிருந்த பிரதமர் நேரு கட்டக்கிலிருந்த அதிகாரிகளுக்கு அனுப்பிய செய்தியை இப்படி ஒரு புறா சுமந்து சென்றது. காலையில் புறப்பட்ட அது நண்பகலுக்கு முன்பே கட்டக் சேர்ந்துவிட்டது. செய்தி என்னவென்றால், பொதுக்கூட்டத்துக்குச் செய்யும் ஏற்பாடுகள் பேசுபவரையும் கேட்பவரையும் பிரித்துவைப்பதாக இருத்தலாகாது என்பதே! பாதுகாப்பு என்ற பெயரில் மேடைக்கும் மக்களுக்கும் இடையே போலீஸார் எழுப்பும் தடுப்பு வேலிகளை அவர் விரும்பவில்லை போலும். போலீஸுக்கும் பொதுமக்களுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றிய செய்தியைப் போலீஸ் புறாவே சுமந்து சென்றதை நாம் பலமுறை எண்ணி வியந்ததுண்டு.

1982 வெள்ளத்தில் பாங்கி என்ற ஊர் துண்டிக்கப்பட்ட பொழுதும், 1999 அக்டோபர் இறுதியில் ஒடிசாக் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கி மற்ற இணைப்புகளெல்லாம் அறுந்த பொழுதும் இப்புறாக்கள் பயன்பட்டன. தொலைபேசியும் மின்னஞ்சலும் பரவிய பின், 2002-ஆம் ஆண்டளவில் அவற்றின் அலுவற் கடமை முடிவுக்கு வந்தது. விழா நாட்களில் பறக்கவிடுவதற்காகச் சில வைத்துக்கொள்ளப்பட்டன. எத்துணை அருமையான சாதனமாயினும் புறா அறிந்தது ஒரே முகவரி, தன் கூடு. காட்டிலே கொள்ளையிடப்பட்ட வழிப்போக்கன் அதைப் பயன்படுத்த முடியாது. அதுவும் அதிகாரிக்கும் அதிகாரிக்கும் இடையே ஓடிய வழிதான்.

புறாப் பணி தொடங்கிய அதே 1946-இல், பிப்ரவரி மாதம், மாகாணப் போலீஸ் படைகளின் கம்பியில்லாச் செய்திப் பணியை ஒருங்கிணைக்க மத்தியில் ஓர் அமைப்பு ஏற்பட்டது. அதன் வழிவந்த இயக்குநரகம் இன்றும் மத்திய உள்துறை அமைச்சகத்தின்கீழ் நடைபெறுகிறது. நிலையத்தின் மூலையில் கரகரவென்று ஒலிக்கும் கம்பியில்லாக் கருவியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அதில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது நமக்கு விளங்கியதில்லை. விளங்க வேண்டுமென்று எவரும் எதிர்பார்க்கவுமில்லை.

பொதுமக்கள் போலீஸை அழைப்பதற்கென்றே ஓர் எண்ணை முதலில் ஏற்படுத்தியது லண்டன் மாநகரம். அங்கே 1935-இல் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். அண்டை வீட்டார் தீயணைப்புப் படையைத் தொலைபேசியில் அழைக்க முயன்றும், இணைப்பகத்தில் காத்திருக்கும் வரிசையில் அகப்பட்டுக்கொண்டார். இதன் விளைவாக 1937 ஜூன் 30-இல் 999 என்ற எண் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் போலீஸுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 102 என எண்கள் வழங்கின. ஆனால் எண் இருந்து என்ன? தொலைபேசி வேண்டுமே! விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் அறிவர். திருட்டுப் போன வீட்டுக்காரர் மருந்துக் கடைக்கு ஓடி, கடைக்காரரிடம் கெஞ்சி 100-ஐச் சுழற்ற வேண்டும். மறுமுனையில் பேசுபவர் மராத்தியிலோ வங்காளியிலோ கேள்வி கேட்டால், தொலைபேசியைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். அவர் தாம் விளங்கிக்கொண்டதைச் சொல்வார். அந்தக் கடைக்காரர்தான் நம் அமைச்சன்.

செயலிகளின் காலத்துக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்த்தவை இரண்டு பெருந்துயரங்கள். ஒன்று, 2008 நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதல். தாக்கியவர்கள் இணையத் தொலைபேசி வழியாகத் தம் தலைவர்களிடம் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தனர். நாட்டின் போலீஸ் நிலையங்களிலோ ஒன்றன் ஏடு மற்றொன்றுக்குத் தெரியாத நிலைமை. மறு ஆண்டு, 2009-இல், எல்லா நிலையங்களின் குற்றப் பதிவேடுகளையும் கணினி வலைப்பின்னலில் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. இன்று நாம் செயலியில் புகார் நிலையைப் பார்க்கிறோம் என்றால், அதன் பின்னே இருப்பது இந்தப் பின்னல்தான். அடித்தளத்தில் ஏடு இணையாதிருந்தால் மேலே எத்தனை செயலி வைத்தும் பயனில்லை.

இரண்டாவது, 2012 டிசம்பர் 16-ஆம் நாள் இரவு தில்லியில் ஓடும் பேருந்தில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை. நாடே கொதித்தெழுந்தது. அதன்பின் பெண்களின் பாதுகாப்புக்கென நகரந்தோறும் செயலிகள் தோன்றின. 2015 ஜனவரி முதல் நாள் தில்லிப் போலீஸார் 'ஹிம்மத்' என்ற செயலியைத் தொடங்கினர். பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தியும் இடமும் போகும். நல்ல எண்ணம்தான். ஆனால் முதலில் போலீஸ் இணையதளத்தில் பெயர் பதிய வேண்டும். பின்னர் ஒரு குறியீடு வரும். அதைக் கைப்பேசியில் இட வேண்டும். மூன்றாண்டு கழித்து, 2018-இல், நாடாளுமன்றக் குழு ஒன்று இதை ஆராய்ந்தபோது, கோடிக்கணக்கான மக்கள் வாழும் தலைநகரில் பதிந்தவர் தொகை ஏறத்தாழ முப்பத்தோராயிரமே என்று கண்டது. ஆபத்து வருமுன் படிவம் நிரப்பி வைக்கும் மனப்பான்மை மனிதர்க்கு இயல்பன்று என்பதே எமது கருத்து. மேலும் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒவ்வொரு செயலி. ஐதராபாத்தில் 'ஹாக் ஐ', பெங்களூரில் 'சுரக்‌ஷா', தமிழ் நாட்டில் 2018-இல் வந்த 'காவலன்' என்றிருந்தால், வேலை மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் நம் போன்றோர் எத்தனையை நினைவில் வைப்பது?

இக்குறையை ஓரளவு நீக்கியது 112. ஐரோப்பிய நாடுகள் 1991-இலேயே பொது அவசர எண்ணாக ஏற்ற இதே எண்ணை, இந்தியாவுக்கும் ஒரே எண்ணாகக் கொள்ளலாமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் பரிந்துரைத்தது. 2016-இல் இயற்றப்பட்ட விதி, 2017 முதல் விற்கப்படும் கைப்பேசி ஒவ்வொன்றிலும் அபாயப் பொத்தான் இருக்க வேண்டுமென்றது. சாதாரணக் கைப்பேசியில் 5 அல்லது 9 என்ற எண்ணை நெடுநேரம் அழுத்துவது, திறன்பேசியில் மின்பொத்தானை விரைந்து மூன்று முறை அழுத்துவது என்று வகுத்தது. 2018 நவம்பர் 28-இல் இமாசலப் பிரதேசம் முதல் மாநிலமாக 112 பணியைத் தொடங்கியது. 2019 பிப்ரவரியில் மேலும் பல மாநிலங்கள் சேர்ந்தன. '112 இந்தியா' என்ற செயலி நாம் எந்த மாநிலத்தில் இருக்கிறோமோ அந்த மாநிலத்தின் மையத்துக்கு நம் இருப்பிடத்தை அனுப்புகிறது. நாம் குறித்து வைத்துள்ள உறவினருக்கும் செய்தி தருகிறது.

இந்த இருப்பிடம் என்பதைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். அந்நிய ஊரில் ஆபத்து நேர்ந்தால் நாம் முதலில் தடுமாறுவது எதிலே? "எங்கே இருக்கிறீர்கள்?" என்ற கேள்வியிலே. தெருவின் பெயர் பலகையில் இருக்கிறது. பலகையின் எழுத்து நமக்குப் படிக்கத் தெரியாது. கன்னட எழுத்தும் குஜராத்தி எழுத்தும் வங்காள எழுத்தும் அந்த நேரத்தில் வெறும் கோடுகள். "பெரிய ஆலமரம், பக்கத்தில் இனிப்புக் கடை" என்று சொல்லலாம்; அந்நகரில் ஆயிரம் இனிப்புக் கடைகள். பொத்தானோ அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அனுப்பிவிடுகிறது. அதற்கு மொழியில்லை, உச்சரிப்பில்லை. ஊருக்குப் புதியவனும் ஊர்க்காரனும் அதன்முன் ஒன்றே. புலம்பெயர்ந்து வாழ்வோருக்குப் போலீஸ் துறையின் நீண்ட வரலாற்றில் கிடைத்த பெருநன்மை இதுவே என்று நாம் தயங்காமல் சொல்வோம்.

ஆனால் மணி அடித்தபின் அரசன் வெளியே வருவான் அல்லவா? சில நிமிடங்களில் திரும்ப அழைப்பு வருகிறது. அழைப்பவர் அந்த மாநிலத்தின் மொழியிலோ இந்தியிலோ பேசுவார். என்ன நேர்ந்தது, எத்தனை பேர், காயமுண்டா என்று கேட்பார். அங்கேதான் மீண்டும் நமக்கு மருந்துக் கடைக்காரர் தேவைப்படுகிறார். செயலி நம்மை இடத்தால் கண்டுபிடித்துவிட்டது. சொல்லால் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இனிக் காவலரின் பக்கம் திரும்புவோம். செயலிகளால் அவர்களுடைய நாளும் மாறியிருக்கிறது. இரவு ரோந்து செல்லும் காவலர் வங்கி வாசலிலும் கோயில் வாசலிலும் தொங்கும் 'பட்டா' புத்தகத்தில் கையெழுத்திட்டுச் செல்வது நெடுநாள் வழக்கம். நேரம் என்னவென்று எழுதினாரோ அதுதான் நேரம். நான்கு வாசலுக்கும் ஒரே வேளையில் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டென்று ஓய்வு பெற்றவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். இப்பொழுது பல இடங்களில் அவர் கைப்பேசியை ஒரு குறியீட்டுக்கு நேரே காட்டுகிறார். வந்த நேரம் தானே பதிவாகிறது. 2018 தொடக்கத்தில் தெலங்கானாப் போலீஸார் தம் ஊழியர்க்கென்றே ஒரு செயலியைக் கொண்டுவந்தனர். நிலையத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்த விவரங்களைத் தெருவிலேயே நின்று பார்க்க அது உதவியது. கேரளத்தில் 2020 ஜூனில் பொதுமக்களுக்குரிய பல பணிகளை ஒரே செயலியில் திரட்டி 'போல்-ஆப்' எனத் தந்தனர். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, ஒரு வீட்டைச் சோதனையிட்டுப் பொருளைக் கைப்பற்றும்போது அதை ஒலி ஒளியோடு பதிய வேண்டுமென்றும், அதற்குக் கைப்பேசியே விரும்பத்தக்கதென்றும் கூறுகிறது. மொழி அறியாத ஒருவர் வீட்டில் என்ன எடுத்தார்கள் என்பதற்கு இனி ஒரு படமாவது சாட்சி சொல்லும்.

அச்சட்டம் நமக்கு மற்றோர் உதவியும் செய்திருக்கிறது. தில்லியிலிருந்து சென்னைக்கு வரும் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் இரவிலே பெட்டி களவு போகிறது. எந்த மாநிலத்தைக் கடக்கும்போது போயிற்றென்று தூங்கியவருக்கு எப்படித் தெரியும்? இட்டார்சியில் சொன்னால் நாகபுரியில் சொல்லுங்கள் என்பார்கள். நாகபுரியில் சொன்னால் உங்கள் ஊரிலேயே கொடுங்கள் என்பார்கள் என்று பயணிகள் நெடுங்காலமாகக் குறைபட்டு வந்தனர். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் முதல் தகவலைப் பதியலாம் என்பதை அச்சட்டத்தின் 173-ஆம் பிரிவு இப்பொழுது எழுத்திலே சொல்லிவிட்டது. மின்னணு வழியாகவும் தகவல் தரலாம். ஆனால் மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன்பே, 2016 செப்டம்பரில், உச்ச நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் வெளியிட வேண்டுமென்று ஆணையிட்டிருந்தது. பாலியல் குற்றம் போன்ற மறைபொருளுக்குரிய வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. எழுதியதைப் புகார் கொடுத்தவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் உள்ள விதி. ஒடியாவில் எழுதியதை ஒடியாவில் படித்துக் காட்டினால் திருநெல்வேலிக்காரருக்கு என்ன விளங்கும்? இன்றோ அவர் அதைப் படமெடுத்துத் தெரிந்த நண்பருக்கு அனுப்பிப் பொருள் கேட்டுக்கொண்டபின் கையெழுத்திடலாம். சட்டத்தில் எழுதப்படாத இந்த வசதி சட்டத்தில் எழுதப்பட்ட பலவற்றைவிட நமக்குப் பெரிது.

இவ்வளவு நன்மைகளையும் கூறியபின் இருளான பக்கத்தையும் கூறாது விடுதல் முறையன்று. போலீஸார் நம்முடன் பேசும் அதே சிறு கண்ணாடித் திரையில் போலி போலீஸாரும் பேசுகின்றனர். காணொளி அழைப்பில் காக்கி உடை, தோளில் நட்சத்திரம், பின்னால் தேசியக் கொடி. உங்கள் பெயரில் போதைப் பொருள் பொட்டலம் பிடிபட்டது, நீங்கள் 'டிஜிட்டல் கைதில்' இருக்கிறீர்கள், அறையை விட்டு நகரக்கூடாது என்று மிரட்டி, முதியவர்களின் ஆயுட் சேமிப்பைப் பறிக்கின்றனர். சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலிப் பேச்சில் இதைக் குறிப்பிட்டு எச்சரித்தார். தனியே வாழும் நம்மவர் இதில் எளிதில் சிக்குவர். உள்ளூர் மொழி அரைகுறை. போலீஸ் என்றால் அச்சம். கேட்க அண்டையில் ஆளில்லை. இத்தகைய மோசடியில் பணம் போனால் உடனே அழைக்க 1930 என்ற எண் இருக்கிறது.

எது மெய்யான போலீஸ் செய்தி என்பதில் நீதிமன்றமும் ஒரு கோட்டைக் கிழித்திருக்கிறது. விசாரணைக்கு நேரில் வருமாறு போலீஸார் அனுப்பும் அறிவிப்பை வாட்ஸ்அப் முதலிய வழிகளில் அனுப்பினால் செல்லாது, சட்டம் சொல்லும் முறையில்தான் சேர்ப்பிக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியது. ஒருவருடைய சுதந்திரத்தைத் தொடும் காகிதம் கைக்கு வர வேண்டும். திரையில் மின்னி மறைவது போதாது. பழைய தண்டோராக்காரனை ஊரார் முகம் பார்த்து அறிவர். திரையில் தோன்றும் முகத்தை யார் அறிவர்?

நாம் கொடுக்கும் விவரங்களின் காவலும் ஒரு கேள்வியே. 2024-இல் தெலங்கானாவில் போலீஸாரின் 'ஹாக் ஐ' செயலியிலும் ஊழியர் செயலியிலும் புகுந்து விவரங்களைத் திருடி விற்க முயன்றதாக ஓர் இளைஞர் ஜூன் மாதம் கைது செய்யப்பட்டார். உதவி கேட்டுப் பதிந்தவர்களின் விவரம் களவு போனது. வீட்டுக்காரர் தட்டி அனுப்பிய நம் பெயரும் ஊரும் புகைப்படமும் இப்படி ஏதோவொரு கணினியில்தான் கிடக்கின்றன. அந்தப் பதிவைக் கேட்க அவர்களுக்கு உரிமையிருந்தால், அது எங்கே எவ்வளவு காலம் வைக்கப்படுகிறது என்று கேட்க நமக்கும் உரிமையிருக்க வேண்டும்.

இறுதியாக, நம் தாயகத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி. 2023 மார்ச்சுத் தொடக்கத்தில், தமிழ் நாட்டில் பீகாரிலிருந்து வந்த தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்று பொய்யான காணொளிகள் கைப்பேசிகளில் பரவின. வேறெங்கோ வேறெதற்கோ எடுக்கப்பட்ட படங்கள் அவை. பனியன் தொழிற்சாலைகளில் அச்சம் புகுந்தது. பலர் ஊருக்கு வண்டியேறினர். அப்போது காவல் துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு தாமே காணொளியில் தோன்றி அவை பொய்யென்று மறுத்தார். திருப்பூரில் உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. ஆயினும் அச்சம் தணிந்தது செய்தி அனுப்பியதால் மட்டுமன்று. கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் அதிகாரிகள் தொழிலாளர்கள் தங்கியிருந்த இடங்களுக்கே சென்று, எதிரே நின்று, அவர்களுக்குத் தெரிந்த இந்தியில் பேசினர்.

அன்று அங்கே அந்நிய மொழியாளராக நின்றவர்கள் அவர்கள். தில்லியிலும் மும்பையிலும் அந்த இடத்தில் நிற்பவர்கள் நாம். அந்நகரங்களில் நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவும் கச்சேரியும் சிறப்பாக நடத்தி வருகின்றன. அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரியை ஒருநாள் அழைத்து, எங்களில் உங்கள் மொழியும் தமிழும் அறிந்தவர் இன்னார், இரவு எந்நேரமும் அழைக்கலாம் என்று நாலைந்து பேரின் எண்களைக் கொடுத்துவைக்க ஒரு மாலைப் பொழுது போதும். மேற்கு மாம்பலத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் மூதாட்டி ஒருவர் பரேலியிலோ பரோடாவிலோ வழி தவறிப் பொத்தானை அழுத்தும் அன்று, அவர் நிற்கும் இடத்தைச் செயலி காட்டிவிடும். வந்து நிற்கும் காவலர், அந்த எண்களில் ஒன்றை அழைத்து, கைப்பேசியை அவர் காதருகே வைக்கட்டும்.